மைக்ரேன்: ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி... ஏன்?

ஆபீஸில் யாருக்காவது திடீர்னு தலைவலி வந்தால், மாத்திரை பெரும்பாலும் ஒரு பெண்ணின் ஹேண்ட்பேக்கிலிருந்துதான் வரும். கவனிச்சிருக்கீங்களா? மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி, ஆண்களைவிடப் பெண்களைச் சுமார் 3 மடங்கு அதிகம் படுத்துகிறது.

சின்ன வயதில் இப்படி இல்லை. பருவமடையும்வரை பையனுக்கும் பொண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்குதான். அதற்குப் பிறகுதான் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஆட்டத்தை மாற்றுகிறது. அந்த ஹார்மோன் சட்டென்று இறங்குவதுதான் சிக்கலே. பீரியட்ஸுக்கு 2 நாள் முன்பு தொடங்கி, 3-வது நாள்வரை பலருக்கும் தலை தெறிப்பது இதனால்தான். கர்ப்பகாலத்தில், முதல் 3 மாதங்களுக்குப் பிறகு பலருக்கு வலி குறையும். பிரசவம் முடிந்ததும் திரும்ப எட்டிப் பார்க்கும். மெனோபாஸ் நெருங்கும்போது எகிறி, பிறகு மெள்ள அடங்கும்.

சிகிச்சை எடுக்காவிட்டால் மைக்ரேன் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கலாம். பெண்களுக்கு வலி நீடிக்கும் நேரமும் குமட்டலும் பொதுவாக அதிகம். 'ஒரு காபி குடிச்சா சரியாகிடும்'னு சொல்பவர்கள், கொஞ்சம் லைட்டையாவது அணைச்சுட்டுப் போகலாம்.

பெண்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வலி வருவதற்கு முன் கண்ணுக்குள் மின்னுவதுபோல, வளைந்து நெளிந்த கோடுகள் தெரிவதுண்டா? இதை 'ஆரா' என்பார்கள். இது இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால், பக்கவாத ஆபத்து கூடும். சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிடுங்க. ஈஸ்ட்ரோஜன் இல்லாத கருத்தடை முறைகள் இருக்கின்றன. அதேபோல, மைக்ரேனைத் தடுக்கத் தரப்படும் வால்ப்ரோயேட் மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் இதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சரி, ஆண்கள்? 'இதெல்லாம் லேடீஸ் பிரச்னை'னு நினைத்து டாக்டரிடமே போகாமல் இருப்பதுதான் இவர்கள் சிக்கல். சிலருக்கு இருப்பது மைக்ரேனே இல்லாமலும் இருக்கலாம். ஆண்களிடம் அதிகம் காணப்படும் 'க்ளஸ்டர்' தலைவலி, ஒரு கண்ணைச் சுற்றிக் குத்தும்; அந்தக் கண்ணில் நீர் வடியும்; 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம்வரை நீடிக்கும். மைக்ரேன் வந்தவர் இருட்டு ரூமில் அசையாமல் படுப்பார். க்ளஸ்டர் வந்தவரால் உட்காரவே முடியாது, அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். இதற்கு ஆக்ஸிஜன் கொடுப்பதும் ஒரு சிகிச்சை என்பதால், எந்தத் தலைவலி என்று கண்டுபிடிப்பது முக்கியம்.

வலி வந்த தேதி, நேரம், பீரியட்ஸ் நாள், போட்ட மாத்திரை... எல்லாவற்றையும் போனில் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மாதத்தில் 15 நாள் சாதாரண வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கிளப்பும். திடீரென இதுவரை வராத அளவுக்கு வலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் என்றால், மாத்திரையைத் தேடாமல் உடனே எமர்ஜென்சிக்குக் கிளம்பிடுங்க.