தீக்குத் தப்பிய மரத் தொடருந்து

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோர நகரான மார்கேற்றில், 'ட்ரீம்லான்ட்' கேளிக்கைப் பூங்காவின் மர றோலர் கோஸ்டர் 1920இல் திறக்கப்பட்டது. அமைத்தவர் ஜோன் ஹென்றி ஐல்ஸ். பெயர் 'சீனிக் றெயில்வே'. வண்டியோடு கூடவே பயணிக்கும் பிறேக்காரர் ஒருவர், நெம்புகோலைக் கையால் இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார் என்பதே இதன் தனிச்சிறப்பு.

2002இல் இது பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டது. பூங்காவின் நிலமோ பெறுமதி மிக்கது. அதனை வேறு தேவைகளுக்கு மாற்றும் திட்டங்கள் எழுந்தபோது குறுக்கே நின்றது இந்த மரச்சட்டகந்தான். 2008 ஏப்ரலில் தீ மூண்டு, ஏறத்தாழக் காற்பங்கு அழிந்தது. திட்டமிட்ட நாசவேலை என்றே பலரும் சந்தேகித்தனர்.

எரிந்ததற்குப் பதில் புதுமரம் இட்டால் அது மரபுச் சின்னமாகுமா? ஆகும் என்பேன். கடற்காற்றில் உளுத்த பலகைகளை மாற்றி மாற்றியே இத்தகைய பாதைகள் உயிர்வாழ்கின்றன. காக்கவேண்டியது அதன் வடிவத்தையும் பிறேக்காரரின் கைப்பழக்கத்தையுமே.

உள்ளூர் மக்கள் விடாது போராடினர். 2011இல் சின்னத்தின் தரம் உயர்த்தப்பட்டது. 2013இல் மாவட்ட சபை பூங்காவைக் கட்டாயமாகச் சுவீகரித்தது. 2015 ஒக்டோபரில் வண்டி மீண்டும் ஓடியது, பிறேக்காரருடனேயே.