ஒரு பார்சல் மீது போட்ட வழக்கு

அமெரிக்காவில் 1936-ல் தீர்ப்பான ஒரு வழக்கின் பெயர் 'அமெரிக்க அரசு எதிர் ஒரு பார்சல்'. ஆமாங்க, பிரதிவாதி ஒரு பார்சல்தான். சுங்கத்துறை பறிமுதல் செய்த பொருள் மேலேயே வழக்குப் போடும் வழக்கம் அங்கே உண்டு.

உள்ளே என்ன இருந்தது? ஜப்பானிய மருத்துவர் ஒருவர் அனுப்பிய, பெண்களுக்கான சுமார் 120 ரப்பர் கருத்தடைச் சாதனங்கள். பெறுநர், நியூயார்க்கில் மார்கரெட் சாங்கர் தொடங்கிய கிளினிக்கை நடத்திய டாக்டர் ஹன்னா ஸ்டோன்.

இந்த வகையில் அப்போது பிரபலமானது டயாஃப்ரம். வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. வளையும் விளிம்பு கொண்ட ஒரு ரப்பர் கிண்ணம். உறவுக்கு முன் உள்ளே வைத்தால் கருப்பை வாயை மூடிவிடும். விந்தணு மேலே போக முடியாது. ஓரமாக நழுவி வருவதைத் தடுக்க, விந்தணுவை முடக்கும் ஜெல் தடவ வேண்டும். உறவுக்குப் பின் குறைந்தது 6 மணி நேரம் எடுக்கக் கூடாது. மாத்திரை மாதிரி ஹார்மோனில் கை வைப்பதில்லை. ஆனால் அளவு சரியாக இருக்கணும். அதனால் மருத்துவர் பரிசோதித்துத்தான் கொடுப்பார். கவனமாகப் பயன்படுத்தினாலும் முழு உத்தரவாதம் கிடையாது.

1880-களில் ஜெர்மன் மருத்துவர் மென்சிங்கா இதை எழுதி அறிமுகப்படுத்தினார். ஆம்ஸ்டர்டாமில் அலெட்டா ஜேக்கப்ஸ் என்ற பெண் மருத்துவர் தன்னிடம் வந்த பெண்களுக்குப் பொருத்திக் கொடுத்தார். 1915-ல் நெதர்லாந்து போன சாங்கர் அங்கே இதைக் கற்றுக்கொண்டார். அதற்கு முன்பிருந்த வழிகளில் ஆணுறையோ விலகலோ, ரெண்டுமே கணவன் மனசு வைத்தால்தான் நடக்கும். இது பெண்ணின் கையில் இருந்தது. முக்கியமான வித்தியாசம் அதுதான்.

சிக்கல், 1873-ம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம். கருத்தடைச் சாதனங்களை ஆபாசப் பொருட்களோடு சேர்த்துத் தடை செய்திருந்தது. மருத்துவர் அளவெடுத்துத் தரவேண்டிய சாதனம் மருத்துவர் கைக்கே வர முடியாது என்றால், என்ன பண்ணுவது? சாங்கர் தரப்பு திட்டமிட்டே வழக்கை எதிர்கொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம், நோயாளியின் உயிரையும் நலனையும் காக்க மருத்துவர் பொறுப்போடு பயன்படுத்தும் பொருளை இச்சட்டம் தடுக்காது என்றது. மறுவருடமே அமெரிக்க மருத்துவர் சங்கம் கருத்தடையை மருத்துவத்தின் பகுதியாக ஏற்றது.

ஆனால் கவனியுங்கள், ஜெயித்தது மருத்துவரின் உரிமை. பெண்ணின் உரிமை அல்ல. மாநிலத் தடைகள் அப்படியே இருந்தன. தம்பதிகளுக்கு 1965-லும், மணமாகாதவர்களுக்கு 1972-லும்தான் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் கொடுத்தது. பார்சல் விடுதலையாகி 36 வருஷம் கழித்து!