பின்பக்கத்தில் இருந்த நேர்காணல்: ‘ரே கன்’ இதழின் பிரையன் ஃபெர்ரி பக்கங்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

1994 நவம்பர் ‘ரே கன்’ இதழில் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் நேர்காணலைக் கலை இயக்குநர் டேவிட் கார்சன் ஸாப்ஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் கோத்தார். எழுத்துகளே இல்லாத எழுத்துரு அது. நட்சத்திரம், பனிப்படிகம், முக்கோணம், பென்சில் என்று குறிகள்தாம் உண்டு. இசை இதழ்களின் பக்க வடிவமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரட்டைப்பக்கத்தைத் தொடாமல் போவது அரிது. தொட்டவர்களில் பெரும்பாலோர் வந்து சேரும் முடிவும் ஒன்றே: வாசிப்பை மறுத்த பக்கம் இது, சொல்லை வெளியேற்றிவிட்டுக் காட்சியை அமர்த்திய பக்கம் இது. இந்த முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தவறு எங்கே நேர்ந்தது என்பதைச் சுட்டுவது கடினமில்லை. அதே இதழின் பின்பக்கங்களில் அந்த நேர்காணல் முழுவதும் படிக்கத்தக்க எழுத்துருவில் மறுபடியும் அச்சாகியிருந்தது. இந்தச் செய்தியை யாரும் மறைக்கவில்லை. சொல்கிறார்கள், ஆனால் அடைப்புக்குறிக்குள் ஒரு துணுக்குச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முன்பக்கம் ஆய்வுப்பொருள், பின்பக்கம் வேடிக்கைத் தகவல் என்ற இந்தப் பாகுபாட்டுக்கு எந்த நியாயமும் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை. சந்தாதாரரின் கையில் வந்தது ஒரே இதழ். அதில் இரண்டும் இருந்தன.

பக்கம் இதழிலிருந்து பிரிந்த கதை ஓரளவு தெளிவானது. கார்சன் ‘ரே கன்’னை விட்டு விலகிய 1995இல், லூயிஸ் பிளாக்வெல்லும் அவரும் சேர்ந்து உருவாக்கிய ‘தி எண்ட் ஆஃப் பிரிண்ட்’ நூல் வந்தது. அச்சின் முடிவு என்ற அந்தத் தலைப்பே கார்சனின் பணிகள் எல்லாவற்றுக்கும் விளக்கவுரையாகிவிட்டது. அதன் பிறகு வகுப்பறை, கண்காட்சி, பாடநூல் எங்கும் இரட்டைப்பக்கங்கள் தனித்தனிப் படங்களாகவே உலவின. படமாக்கப்பட்ட பக்கத்தைப் புரட்ட முடியாது. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்ற கேள்வியும் எழாது. இதே இழப்பு வேறிடத்திலும் நேர்ந்திருக்கிறது. லண்டனிலிருந்து வந்த ‘தி ஃபேஸ்’ இதழில் நெவில் பிராடி பொருளடக்கப் பக்கத்தின் தலைப்புச் சொல்லை இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து, கடைசியில் வெறும் வடிவங்களாக்கினார். அதில் ஓர் இதழின் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்தால் அது வெறும் கிறுக்கல். வரிசையாகப் பார்த்தவருக்குத்தான் அது சொல். பருவ இதழின் வடிவமைப்பை ஆராய்கிறவருக்கு அலகு இரட்டைப்பக்கமா, இதழா, இதழ்வரிசையா என்ற கேள்வி முறையியலின் முதல் கேள்வி. ஃபெர்ரி பக்கங்களைப் பொறுத்தவரை அது கேட்கப்படவே இல்லை.

இனி அந்தக் குறிகளை அருகில் சென்று பார்ப்போம். ஹெர்மன் ஸாப்ஃப் வரைந்த இந்த எழுத்துரு 1978இல் ஐடிசி நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. 1986இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறியின் உள்ளமைந்த எழுத்துருக்களில் இடம்பிடித்து, மேசைக்கணினி வடிவமைப்பாளர் ஒவ்வொருவரின் எழுத்துருப் பட்டியலிலும் கடைசியில் வந்து நின்றது. விசைப்பலகையின் ஒவ்வொரு எழுத்துக்கும் இதில் நிலையான ஒரு குறி உண்டு. ஆங்கில ‘ஈ’ பனிப்படிகம். ‘டி’ தலைகீழான கறுப்பு முக்கோணம். ‘எஸ்’ நிமிர்ந்த முக்கோணம். ‘என்’ கறுப்புச் சதுரம், ‘எல்’ கறுப்பு வட்டம். காற்புள்ளி இருவிரல் காட்டும் கை. முற்றுப்புள்ளி சாய்ந்த பென்சில். கேள்விக்குறி வெள்ளைச் சிலுவை. சொல்லிடைவெளி இடைவெளியாகவே இருக்கும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தட்டச்சான உரையின் எழுத்துருவை மட்டும் மாற்றியதாகவே இந்தப் பக்கத்தின் ஆக்கத்தைப் பற்றிக் கிடைக்கும் விவரங்கள் சொல்கின்றன; கார்சனின் கூற்றும் அதுதான். அப்படியானால் பக்கத்தில் அழிந்தது என்ன, அழியாமல் நின்றது என்ன என்று துல்லியமாகச் சொல்ல முடியும். அழிந்தது எழுத்தின் உருவம் மட்டுமே. சொல்லின் நீளம், வரியின் ஓட்டம், வாக்கியத்தின் முடிவு, பத்திகளின் நெடுங்கோடு எல்லாம் நின்றன. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்து ‘ஈ’. ஆகவே பக்கமெங்கும் பனிப்படிகம் விரவிக் கிடக்கும். மிகுதியாக வரும் சொல் ‘தி’ என்னும் சுட்டு. ஆகவே தலைகீழ் முக்கோணம், ஒளிப்பொறி, பனிப்படிகம் என்ற மூன்றும் இதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். ஃபெர்ரி என்ற பெயர் வருமிடத்தில் நாற்கூர் நட்சத்திரம், பனிப்படிகம், நிழல்விழுந்த இரண்டு சதுரங்கள், ஒரு செங்குத்துப் பட்டை. பிரையன் என்ற பெயரிலும் அதே சதுரமும் அதே பட்டையும் அடுத்தடுத்து நிற்கும். நேர்காணலில் கேள்விகள் வரிக்குள் வந்தால் அவை சிலுவையில் முடியும். பதில்கள் பென்சிலில் முடியும். ஒழுங்கு முழுதும் உள்ளே இருக்கிறது.

பதிலீட்டு மறையெழுத்து என்று இதைச் சொல்லலாம். இரைச்சல் என்று சொல்ல வழியில்லை. கார்சனின் பிற பக்கங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவற்றில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், பத்திகள் மோதிக்கொள்ளும், தலைப்பு பாதியில் அறுபடும். உரையின் கட்டமைப்பே அங்கே குலைகிறது. ஃபெர்ரி பக்கத்தில் குறிகள் ஒழுங்கான பத்திகளில் நிற்கின்றன. உருவம் முற்றிலும் போய், கட்டமைப்பு முற்றிலும் எஞ்சிய பக்கம் அது. கார்சனின் சிதைவு வடிவமைப்புக்கு உச்ச எடுத்துக்காட்டாக இதைக் காட்டுவது, அவருடைய பக்கங்களில் உரைக்கட்டு மிகக் குறைவாகச் சிதைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவதாகும்.

தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு நன்றாகப் பழக்கமானது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த வரிகள் தெரியும். கட்டுரை அழிந்துவிட்டது என்று யாரும் நினைத்ததில்லை. எழுத்துருவை மாற்றினால் வந்துவிடும் என்று தெரியும். விசைக்கு ஒரு வடிவம் என்ற அதே தொழில்நுட்பந்தான் இங்கும் அங்கும் வேலை செய்கிறது. ஆகவே, ‘உரை இல்லாமற் போனது’ என்ற கூற்றை ஏற்க நமக்கு ஏனையோரைவிடக் கூடுதல் தயக்கம் இருக்க வேண்டும்.

வழக்கமான வாசிப்பின் இன்னொரு தூண், பக்கம் இசையைப் போலி செய்கிறது என்பது. தொண்ணூறுகளின் முற்பாதியில் சியாட்டிலிலிருந்து எழுந்த கிரஞ்ச் இசையின் கரகரப்பும் அலட்சியமும் ‘ரே கன்’ பக்கங்களில் காட்சியாயின என்பார்கள். சில பக்கங்களுக்கு இது பொருந்தலாம். ஃபெர்ரிக்குப் பொருந்தாது. ராக்ஸி மியூசிக் குழுவின் பாடகர் அவர். நேர்த்தியாகத் தைத்த கோட்டும் மெருகேறிய ஒலிப்பதிவும் அவரது அடையாளம். அந்த 1994இல் அவர் வெளியிட்ட ‘மமூனா’ தொகுப்பும் அந்த மெருகின் வழியிலேயே வந்தது. அந்தக் குரலுக்கு இரைச்சலான பக்கம் எப்படி ஒப்புமை ஆகும் என்று போலிக் கோட்பாட்டினர் விளக்கியதில்லை.

இப்போது சர்ச்சைக்குரிய சான்றுக்கு வருவோம். இந்தப் பக்கத்தின் பொருளுக்கு ஆய்வுகள் கைகொள்ளும் முதன்மை ஆதாரம் கார்சனின் வாய்மொழி. 2007இல் கேரி ஹஸ்ட்விட் இயக்கிய ‘ஹெல்வெடிக்கா’ ஆவணப்படத்தில் அவர் அதைச் சொல்கிறார்: நேர்காணல் சலிப்பூட்டியது, பொருத்தமான எழுத்துருவைத் தேடிப் பட்டியலின் அடிவரை சென்றார், அங்கே டிங்பேட்ஸ் இருந்தது. இது பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கேமரா முன் சொல்லப்பட்ட கதை. பலமுறை சொல்லிச் சொல்லி உருண்டு திரண்ட கதை என்று எண்ண இடமிருக்கிறது. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு தேர்வு எப்படி நேர்ந்தது என்பதற்கு அது சான்றாகலாம். அந்தத் தேர்வு இதழுக்குள் என்ன வேலை செய்தது என்பதற்கு அது சான்றாகாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால்தான் சலிப்பு என்ற ஒரு மனிதரின் அன்றைய மனநிலை பக்கத்தின் பொருளாக உயர்ந்துவிட்டது.

அதோடு, இந்தக் கதையே வழக்கமான முடிவுக்கு எதிராக ஒரு விவரத்தைத் தருகிறது. எழுத்துருவை மாற்றிப்போட்டால் உரையைப் படித்துவிடலாம் என்று கார்சனே அங்கே சொல்கிறார். அதாவது, உரை உள்ளே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கதையின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியை விட்டவர்கள் செய்தது, இதழின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை விட்டதற்கு ஒப்பானதே.

பக்கத்தை இதழுக்குள் திரும்ப வைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. அமெரிக்க இசை இதழ்களில் பார்க்கும் இடமும் படிக்கும் இடமும் அதற்கு முன்பே பிரியத் தொடங்கியிருந்தன. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் 1987இல் கலை இயக்குநரான ஃபிரெட் உட்வார்ட் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒளிப்படம், எதிர்ப்பக்கம் முழுக்கத் தலைப்பெழுத்து என்ற அமைப்பை ஒரு மரபாகவே ஆக்கினார். அந்தத் தொடக்கப் பக்கத்தில் எழுத்து படமாக நின்றது. படிக்க வேண்டியது அடுத்தடுத்த பக்கங்களில் அடக்கமான பத்திகளாக வந்தது. கட்டுரையின் மீதியை இதழின் கடைசிப் பகுதிக்குத் தள்ளி ‘தொடர்ச்சி இத்தனையாம் பக்கம்’ என்று போடும் வழக்கமோ இன்னும் பழையது. நம்மூர் வார இதழ் வாசகருக்கும் புதிதில்லை. ஃபெர்ரி பக்கங்கள் இந்த இரண்டு வழக்கங்களையும் அவற்றின் எல்லைவரை இழுத்துச் சென்றன என்பது என் துணிபு. உட்வார்டிடம் தலைப்பு மட்டும் படமானது; கார்சனிடம் நேர்காணலின் உடலே படமானது. உட்வார்டிடம் படிக்கும் இடம் அடுத்த பக்கம். கார்சனிடம் அது இதழின் கோடி. வேறுபாடு பெரிது, ஐயமில்லை. ஆனால் அது ஒரே கோட்டின் மேல் அமைந்த வேறுபாடு. முறிவு என்ற சொல்லை இங்கே பயன்படுத்த நான் தயங்குகிறேன்.

மறுப்புகள் சில வரக்கூடும். பின்பக்க மறுபதிப்பு யாரோ வற்புறுத்தியதால் நேர்ந்த சமரசம், வடிவமைப்பாளரின் எண்ணத்தில் அது இல்லை என்பது ஒன்று. இருக்கட்டும். இதழ் என்பது பலர் கை சேர்ந்து உருவாவது. ஆய்வுப்பொருள் அச்சான இதழே தவிர ஒருவரின் எண்ணம் அன்று. பின்பக்கம் வரை போய்ப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. அந்த எண்ணிக்கை முன்பக்கத்தை வெறுமனே பார்த்தவர்களுக்கும் கிடையாது. ஆகவே எந்தப் பக்கத்துக்கும் அது துணை நிற்காது. யார் உட்கார்ந்து சதுரத்தையும் பனிப்படிகத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள் என்று கேட்பவருக்கு: யாரும் படித்ததாக நான் வாதிடவில்லை. கட்டமைப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்பதே வாதம். படிக்கத் தெரியாத மொழியின் நாளிதழைப் பார்த்தாலும் எது தலைப்பு, எது செய்தி என்று நமக்குத் தெரிகிறது அல்லவா?

ஒரு கிளைச்செய்தி. ஃபெர்ரி நியூகாசிலில் நுண்கலை பயின்றபோது அவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன். அந்த ஹாமில்டன், மார்செல் டுஷாம்பின் கையெழுத்துக் குறிப்புகளை அச்செழுத்து வடிவத்துக்குப் பெயர்த்த நூல் 1960இல் வந்தது. ஒரே உரை இரண்டு உருவங்களில் வாழ முடியுமா என்பதுதான் அந்த முயற்சியின் மையக் கேள்வி. ஃபெர்ரியின் நேர்காணலும் அதே கேள்வியைச் சுமந்து ஓர் இதழுக்குள் இரு உருவங்களில் நின்றது. கார்சன் இதை மனத்தில் கொண்டிருந்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் எழுத்தின் உருவத்தைப் பற்றி இப்படிச் சிந்தித்த ஒரு பட்டறையிலிருந்து வந்த கலைஞரின் பேச்சு இது என்பதை, அந்தப் பேச்சை வெற்று நிரப்பியாக நடத்தும் ஆய்வுகள் கவனித்திருக்க வேண்டும்.

நேர்காணலை எழுதியவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுத்து சலிப்பானது என்று ஒரு கலை இயக்குநர் முடிவுகட்டி, அந்த முடிவை அச்சில் நிறைவேற்றியது எனக்கு உவப்பானதாக இல்லை. பிரதியைத் திருத்துவது, திருப்பி அனுப்புவது, நிராகரிப்பது எல்லாம் ஆசிரியர் குழுவின் வேலை. அந்த அநீதியை ஓரளவேனும் ஈடுசெய்தது பின்பக்கம். வாசகர் தானே படித்துத் தீர்மானிக்க அங்கே இடம் இருந்தது. நான் பார்த்த ஆய்வுகளில் அந்த வாய்ப்பை எவரும் பயன்படுத்தியதாகக் காணோம். நேர்காணல் சலிப்பானது என்ற தீர்ப்பை எல்லாரும் திருப்பிச் சொல்கிறார்கள். அதன் உள்ளடக்கம் என்ன, ஃபெர்ரி எதைப் பற்றிப் பேசினார் என்று ஒரு வரி எழுதுவதில்லை. இனி அந்த இரட்டைப்பக்கத்தை நூலில் மறுபதிப்பிடுகிறவர்கள் பின்பக்கத்தையும் படிக்கக்கூடிய அளவில் பக்கத்திலேயே இட வேண்டும். சலிப்பைப் பற்றிய தீர்ப்பை அதைப் படித்த பிறகு எழுதலாம்.