ஸ்பிரிங்க்ளர் திறந்தா புகை எங்க போகும்?

புதுக்கோட்டை மாவட்டம் ராயவரம் போனா செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கலாம். உயரமான கூரை, நடுவுல வானம் பார்த்த முற்றம். வெக்கை வெளியேறக் கட்டினது. அடுப்புப் புகைக்கும் அதே வழிதான்: சூடா இருக்கிற வரைக்கும் மேலே ஏறி வெளியே போயிடும். முற்றமே இல்லாத மூடின கட்டடத்துல?

சீலிங்கை ஒட்டித் தேங்கும். அங்க சேர்ற சூட்டை வெச்சே வேலை செய்றதுதான் ஸ்பிரிங்க்ளர். 1874-ல் அமெரிக்காவின் ஹென்றி பார்மலி தன்னோட பியானோ தொழிற்சாலையைக் காப்பாத்த ஒண்ணு செஞ்சார். 1880-களில் ஃபிரெடெரிக் கிரினெல் அதை மேம்படுத்தினார். இன்னைக்கு மால்ல தெரியுற சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸ்ல உடையும். சினிமால காட்டுற மாதிரி எல்லாம் ஒண்ணா கொட்டாது, சூடு பட்டது மட்டும்தான் திறக்கும்.

சிக்கல் அதுக்கப்புறம்தான். தண்ணித்துளி புகையைக் குளிர வைக்கும், விழும்போது கூடவே கீழேயும் இழுக்கும். தலைக்கு மேல நின்ன புகை மூக்கு மட்டத்துக்கு வந்துடும், வாசல் தெரியாது. அப்போ ஸ்பிரிங்க்ளரே வேண்டாமா? வேணும். தீ சின்னதா இருக்கும்போதே அடங்கினா, புதுசா வர்ற புகையே குறைஞ்சிடும். அந்தப் பேரம் லாபம்தான்.

1953-ல் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் பிரம்மாண்டமான தொழிற்சாலை எரிஞ்சு நாசமாச்சு. ஸ்பிரிங்க்ளர் ஒரு பகுதியில மட்டும்தான். கூரைக்கடியில சேர்ந்த புகைக்கு வெளியேற வழியில்ல. அதுக்கப்புறம் கூரைத் திறப்புகள் பரவின. கூடவே ஒரு நீண்ட சண்டையும்: திறப்பு முந்தினா சூடு வெளியே போய், குமிழ் தாமதமா உடையுமே? தண்ணி முந்தினா, குளிர்ந்த புகை திறப்பு வரைக்கும் ஏறுமா?

நம்ம நாட்டுல இதுக்கு விலை கொடுத்தது நோயாளிகள். 2011 டிசம்பர் 9 விடியற்காலை, கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்துல தீ. மேல்மாடி வார்டுகளைத் தீ தொடவே இல்ல. ஏசி குழாய் வழியா புகைதான் ஏறிச்சு. சுமார் 90 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் மூச்சுத் திணறி. அடித்தளத்துல தண்ணி பாய்ஞ்சிருந்தாலும் அது மட்டும் போதாது. குழாயைத் தானா அடைக்கிற டேம்பரும், புகையை வெளியே தள்ளுற விசிறியும் கூடவே வேலை செஞ்சாகணும். கட்டடத்துக்கு மூடின கண்ணாடி முகப்பு. மீட்க வந்தவங்க அந்தக் கண்ணாடியை உடைச்சுத்தான் புகைக்கு வழி விட்டாங்க.