கழிப்பறையில் தொடங்கிய கொண்டாட்டம்

கருத்தரங்குக்குப் போவது கட்டுரை கேட்கத்தான் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதன் சுகமே இடைவேளையில்தான். 1987இல் அமெரிக்காவில் நடந்த இயங்குதள ஆய்வு மாநாட்டில் நூற்றுக்கணக்கான ஆண்கள். பெண்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் கழிப்பறையில் சந்தித்துப் பேசத் தொடங்கி, ஒன்றாகச் சாப்பிடவும் போனார்கள். பேச்சு தீரவில்லை. அவர்களில் ஒருவரான அனிதா போர்க் மற்றவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை வாங்கிக்கொண்டார். 'சிஸ்டர்ஸ்' குழு அப்படிப் பிறந்தது. சிஸ்டத்தையும் சிஸ்டரையும் ஒட்டிய பெயர்.

1994இல் போர்க்கும் டெல் விட்னியும் பெண் கணினியாளர்களை வாஷிங்டனில் கூட்டினார்கள். 500 பேர் வந்தார்கள். மாநாடு என்று பெயர் வைக்கவில்லை. 'கிரேஸ் ஹாப்பர் கொண்டாட்டம்' என்றார்கள். பெண்கள் கூடினால் குறை சொல்லத்தான் என்று நினைப்பவர்கள் அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். வேலையைப் பற்றிப் பேசுவதும் மகிழ்ச்சிதான், பேச ஆள் கிடைத்தால்.

1952இலேயே ஒரு நிரல்பெயர்ப்பியை உருவாக்கியவர் ஹாப்பர். தன் உரையைக் கேட்க வந்தவர்களுக்குச் சுமார் 30 செ.மீ. நீளக் கம்பித்துண்டு கொடுப்பார்: ஒரு நானோநொடியில் ஒளி கடக்கும் தூரம். கையில் பிடித்துப் பார்க்கலாம். எனக்குக் கருத்தரங்குகளில் கோப்பும் பேனாவும்தான் கிடைத்திருக்கின்றன.