ஐந்து டாலர் போர்வை

கந்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது வறுமையே. ஆயினும் உலகின் பல நாடுகளில் ஏழைப் பெண்கள் கிழிசல்களையும் துண்டுத் துணிகளையும் சேர்த்துத் தைத்துக் குளிரை வென்றார்கள். தம் உள்ளத்தில் இருந்ததையும் அத்தையலிலேயே சொல்லிச் சென்றார்கள். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சு. இம்மூன்றும் விலகாதபடி குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தையல். இதுவே பஞ்சுப் போர்வையின் அமைப்பு. ஆங்கிலேயர் இதனைக் 'குவில்ட்' என்பர். மெத்தையைக் குறிக்கும் 'குல்கித்தா' என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர்.

இக்கலை மிகப் பழமையானது. 14ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் தைக்கப்பட்ட டிரிஸ்டன் போர்வை, அப்பெயருடைய வீரனின் கதையைப் படம் படமாகச் சொல்லுகிறது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதனை இன்றும் காணலாம். ஐரோப்பியரோடு இக்கலை அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கே அடிமைகளாக வாழ்ந்த கறுப்பினப் பெண்களின் கைகளில் அது புதிய மொழி பேசியது. அவர்களுள் ஒருவரே ஹேரியட் பவர்ஸ்.

இவர் 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை அம்மாநிலம் 1829லேயே சட்டத்தால் தடுத்திருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை பெற்றபின், கணவரோடு ஏதென்ஸ் நகருக்கு அருகே உழைத்து வாழ்ந்தார். 1886இல் அந்நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அவர் தைத்த போர்வை ஒன்று வைக்கப்பட்டது. பதினொரு கட்டங்கள், பதினொரு விவிலியக் காட்சிகள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், ஆபேலைக் கொல்லும் காயின், யாக்கோபின் கனவு, ஆண்டவரின் திருமுழுக்கு, இறுதி இராவுணவு, முப்பது வெள்ளிக்காசோடு யூதாசு, சிலுவை, திருக்குடும்பம் என மீட்பின் வரலாறு துணியில் விரிந்தது.

ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளையின ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். எவ்விலைக்கும் தர இயலாது என்று மறுத்துவிட்டார் ஹேரியட். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கியது. 1891 அளவில் மாட்டு வண்டியில் ஏறி, தூய மாவுச் சாக்கில் பொதிந்த போர்வையை மடியில் ஏந்தி, ஆசிரியையின் வாசலில் வந்து இறங்கினார். கேட்டது பத்து டாலர். அவருக்குக் கிடைத்தது ஐந்து. கணவரின் சொற்கேட்டு அத்தொகைக்கே இசைந்தார். விடைபெறுமுன் ஒவ்வொரு படத்தின் பொருளையும் விளக்கிச் சொன்னார். பின்னரும் பலமுறை வந்து தம் போர்வையைப் பார்த்துச் சென்றார். துண்டுத் துணிகளையெல்லாம் அவருக்காகச் சேர்த்து வைப்பதாக ஆசிரியை வாக்களித்தபோதுதான் அவர் ஓரளவு ஆறுதல் அடைந்தாராம்.

இந்நிகழ்ச்சியை எளிதில் தீர்ப்பிட இயலாது. கேட்ட விலையில் பாதியைத் தந்தவரே அந்தக் கலைப்பொருளைக் கண்போல் காத்தவர். ஹேரியட் சொன்ன விளக்கங்களை எழுதி வைத்தவரும் அவரே. அக்குறிப்பு இல்லையேல் தைத்தவரின் பெயரே மறைந்திருக்கக்கூடும். ஆயினும் ஏழையின் உழைப்புக்கு விலை கூறும் உரிமை பெரும்பாலும் ஏழையிடம் இருப்பதில்லை என்னும் உண்மையை இந்த ஐந்து டாலர் நமக்கு உணர்த்திக்கொண்டே இருக்கிறது.

1895க்கும் 1898க்கும் இடையே ஹேரியட் மற்றொரு போர்வையைத் தைத்தார். அதில் பதினைந்து காட்சிகள். யோபு, யோனா ஆகியோரின் அருகிலேயே, 1780 மே 19 அன்று நண்பகல் இருண்ட செய்தியும், 1833 நவம்பர் 13 அன்று விண்மீன்கள் மழையெனச் சொரிந்த செய்தியும் இடம்பெற்றன. இரண்டும் அவர் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தவை. வாய்மொழியாக வந்த மக்களின் நினைவை மறைநூலின் பக்கத்திலேயே வைத்துத் தைத்திருக்கிறார். தம் மக்கள் வாழ்ந்த நாள்களிலும் இறைவனின் கை இருந்தது என்னும் நம்பிக்கையை இதைவிடத் தெளிவாக எந்த இறையியல் நூல் கூறும்?

அவர் எழுத்தறியாதவர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1896இல் அவர் எழுதிய மடலின் படி 2009இல் வெளிச்சத்துக்கு வந்தபோது அக்கருத்து பொய்த்தது. குறைந்தது நான்கு போர்வைகளைத் தைத்ததாக அதில் குறிப்பிடுகிறார். இன்று எஞ்சியவை இரண்டே. முதலாவது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும், இரண்டாவது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பேணப்படுகின்றன. 1910 சனவரி 1 அன்று இறந்த அவருடைய கல்லறையைக் கண்டறிந்ததோ 2005இல்தான்.

எந்திரம் நொடியில் போர்வை நெய்து தரும் காலத்திலும் இக்கலை ஏன் வாழ்கிறது? பழந்துணிக்கு அதை உடுத்தியவரின் நினைவு உண்டு; தையலுக்குப் பொறுமை உண்டு; போர்வைக்கோ, இன்னொருவரைக் குளிரிலிருந்து காக்கும் அன்பு உண்டு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரின் திறந்த வெளியில், எய்ட்ஸ் நோயால் இறந்தோர் நினைவாக 1,920 துணிப் பலகங்கள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. சமூகம் ஒதுக்கிய மனிதரின் பெயர்களை, அவர்களை நேசித்தவர்கள் ஊசியால் எழுதினார்கள்.

வரலாற்று நூல்களில் இடம்பெறாதோர் தம் வரலாற்றைத் தாமே தைத்து வைத்துவிடுகின்றனர். அதைப் படித்தறியும் கண்களும், அதற்குரிய விலையைக் காலத்தே தரும் மனமும் வாய்க்கப் பெறுதல் நம் கடமை.