பரிசேயன்: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

பல ஆண்டுகளுக்கு முன்னர், விடைத்தாள் திருத்தும் மையம் ஒன்றில் நிகழ்ந்தது இது. நம்மோடு ஒரே மேசையில் மூத்த பேராசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். குறித்த நேரத்திற்குக் கால்மணி முன்பே வந்துவிடுவார். இரக்கப்பட்டு அரை மதிப்பெண்கூடப் போடமாட்டார். வராத நாளுக்குப் படிப்பணம் வாங்கமாட்டார். இவை அனைத்தையும் நாள்தோறும் ஒருமுறையாவது நமக்கு எடுத்துச் சொல்லாமல் இருக்கவும் மாட்டார். ஒருநாள் அவர் எழுந்து சென்றதும், பாளையங்கோட்டைப் பக்கத்து நண்பர் மெல்லச் சொன்னார்: "சரியான பரிசேயன் சார் இவரு." மேசையே சிரித்தது. நாமும் சிரித்தோம். புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் அச்சொல்லின் பொருளை வினவ, "வேடதாரி என்று பொருள்" என விடை சொன்னோம்.

விடை தவறு என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பேராசிரியர் பொறுத்துக்கொள்ளக் கடினமானவர். ஆனால் வேடதாரி அல்லர். சொன்னதைச் செய்தவர். அப்படியாயின் நண்பர் சொன்ன சொல் பொருந்தவில்லையா, நாம் சொன்ன பொருள் பொருந்தவில்லையா? இந்த ஐயத்தில் தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது தரங்கம்பாடியில், சீகன்பால்கின் மொழிபெயர்ப்பாக, 1714 முதல் 1715 வரையான காலத்தில். அங்குத் தொடங்கிய விவிலியத் தமிழ் மரபில் 'பரிசேயர்' என்னும் பெயர் நிலைபெற்றது. பழைய மொழிபெயர்ப்பில் இப்பெயரோடு சேர்ந்து வரும் வசை 'மாயக்காரர்'; 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அது 'வெளிவேடக்காரர்' ஆயிற்று. பின்னதே மூலத்திற்கு நெருக்கமானது எனலாம். அவ்விடத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு முதற்பொருள் மேடை நடிகன் என்பதே.

இந்த வசைக்கு நற்செய்தி நூல்களில் இரண்டு ஊற்றுகள் உள்ளன. மத்தேயு நூலின் 23ஆம் அதிகாரம் ஒன்று. பரிசேயர் பிறருக்குச் சொல்வதைத் தாம் செய்வதில்லை, பார்வைக்காகவே அறம் செய்கின்றனர் என்பது அங்குள்ள கண்டனம். மற்றொன்று லூக்கா நூலின் 18ஆம் அதிகாரத்து உவமை. கோயிலில் இருவர் வேண்டுகின்றனர். பரிசேயன், தான் வாரம் இருமுறை நோன்பிருப்பதையும் வருவாயில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதையும் எண்ணி, தான் மற்றவரைப் போல் இல்லாததற்கு நன்றி கூறுகிறான். ஆயக்காரனோ மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். அவனே ஏற்கப்பட்டவனாக வீடு திரும்புகிறான்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். மத்தேயு காட்டுபவன் பொய்யன். லூக்கா காட்டுபவன் பொய்யன் அல்லன். அவன் நோன்பிருந்ததும் உண்மை. பத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் உண்மை. தன் நேர்மையை அளக்க அயலானை அளவுகோலாக்கிக் கொண்டதே அவன் பிழை. வேடதாரி, தன்னை மெச்சிக்கொள்ளும் நேர்மையாளன் ஆகிய இருவரையும் பிற்காலம் ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டது. நாம் அந்த இளைஞருக்குத் தவறாகப் பொருள் சொன்னதும் இக்குழப்பத்தால்தான்.

உண்மையில் பரிசேயர் யார்? முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், தம் காலத்து யூதர்களிடையே பரிசேயர், சதுசேயர், எஸ்ஸேனியர் என மூன்று சிந்தனைப் பிரிவுகள் இருந்ததாக எழுதுகிறார். ஏரோது மன்னன் காலத்தில் பரிசேயர் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் என்பதும், அவர்கள் மன்னனுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்தனர் என்பதும் அவர் தரும் செய்திகள். பெயரின் எபிரேய வேருக்குப் 'பிரிந்தவர்' என்று பொருள் கூறுவர். 'விளக்கம் சொல்பவர்' எனக் கொள்வாரும் உளர். சதுசேயர் குருமார் குடியினரோடும் செல்வரோடும் நெருங்கியவர்கள். பரிசேயருக்கோ நகரத்துப் பொதுமக்களிடம் செல்வாக்கு இருந்தது. எழுதப்பட்ட சட்டத்தோடு, முன்னோர் வழிவழியாக வாய்மொழியாய்த் தந்த மரபையும் இவர்கள் ஏற்றனர். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்னும் நம்பிக்கையும் இவர்களுடையது.

இன்றைய வசையோடு ஒட்டாத ஒரு செய்தியும் உண்டு. தண்டனை வழங்குவதில் பரிசேயர் இயல்பாகவே இளகியவர்கள் என்கிறார் ஜோசபஸ். 1947 முதல் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த கும்ரான் சுவடிகளில், 'வழுவழுப்பானவற்றைத் தேடுவோர்' என ஒரு கூட்டத்தார் ஏளனம் செய்யப்படுகின்றனர். பரிசேயரையே அது குறிக்கும் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. சட்டத்தை இளக்கிச் சுலபமாக்குகிறார்கள் என்பதே அங்குக் குற்றச்சாட்டு. கடுமையின் பேரால் பின்னாளில் இகழப்பட்டவர்கள், தம் காலத்துக் கடுமையாளரால் தளர்ச்சியின் பேரால் இகழப்பட்டனர்!

கோயிற் குருமார்க்கு உரிய தூய்மையைச் சாதாரண வீட்டு உணவு மேசைக்கும் கொண்டுவர அவர்கள் முயன்றனர் என்று ஜேக்கப் நியூஸ்னர் முதலியோர் விளக்கினர். நற்செய்தி நூல்களில் கைகழுவுதல், கிண்ணம் துலக்குதல் பற்றி எழும் வாதங்களுக்கு இதுவே பின்னணி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அற்ப ஆசாரம். உள்ளிருப்பவருக்கோ, இறைமை குருமார்க்கு மட்டும் உரியதன்று, உழவன் வீட்டு உணவுக்கலத்திலும் உண்டு என்னும் கொள்கை.

நற்செய்தி நூல்களே பரிசேயரை ஒரே நிறத்தில் தீட்டவில்லை என்பதும் நோக்கத்தக்கது. ஏரோது கொல்லத் தேடுகிறான் என்று இயேசுவை எச்சரிப்பவர்கள் பரிசேயர் சிலரே. இரவில் வந்து உரையாடும் நிக்கொதேமு பரிசேயர். அப்போஸ்தலர் நடபடிகளில் சீடர்களுக்காகப் பரிந்து பேசும் கமாலியேல் பரிசேயர். பவுல் தம்மைப் பரிசேயன் என்றே பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார்.

அவ்வாறாயின் மத்தேயுவின் சினத்துக்குக் காரணம் என்ன? கி.பி. 70இல் உரோமர் எருசலேம் கோயிலை அழித்தனர். குருமாரின் அதிகாரம் கோயிலோடு சரிந்தது. எஞ்சியோருள் இரு கூட்டத்தார் அப்பழைய மறைநூலுக்கு உரிமை கொண்டாடினர். பரிசேய மரபைத் தழுவி எழுந்த ரபிகள் ஒரு கூட்டம். இயேசுவை மெசியா என ஏற்ற யூதர்கள் மற்றொரு கூட்டம். மத்தேயு நூல் இக்காலத்தது என்றே பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர். ஒரே வீட்டுப் பிள்ளைகளின் பாகப்பிரிவினைச் சண்டையில் எழுந்த குரல் அது. பங்காளிச் சண்டையில்தான் வசை கூர்மையாக இருக்கும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

தொடக்ககாலக் கிறித்தவர்களின் 'திதாக்கே' என்னும் ஒழுக்க நூலில் இச்சண்டையின் சுவடு வேடிக்கையாகவே பதிந்துள்ளது. வேடதாரிகள் திங்களும் வியாழனும் நோன்பிருக்கின்றனர். ஆதலால் நீங்கள் புதனும் வெள்ளியும் நோன்பிருங்கள் என்பது அந்நூலின் கட்டளை. நோன்பு அதே நோன்பு. வாரத்திற்கு இருமுறை என்னும் கணக்கும் அதே கணக்கு. கிழமை மட்டும் வேறு!

பரிசேய மரபின் வழிவந்த ரபிகள் இக்குறையை அறியாதவர்களா? தல்மூத்தின் சோத்தா என்னும் பகுதி பரிசேயருள் ஏழு வகையினரைப் பட்டியலிடுகிறது. பெண்களைப் பாராதிருக்கக் கண்ணை மூடி நடந்து சுவரில் மோதி இரத்தம் வடிப்பவன் ஒருவன். செய்யவேண்டிய கடமை இன்னும் ஏதேனும் மீதி உண்டா, சொல்லுங்கள் செய்கிறேன் என்று கேட்பவன் இன்னொருவன். தன் நற்செயல்களைத் தோளிலே சுமந்து காட்டித் திரிபவன் மற்றொருவன் என எருசலேம் தல்மூத் விளக்குகிறது. அச்சோத்தாப் பகுதியிலேயே யன்னாய் மன்னன் தன் மனைவிக்குக் கூறும் அறிவுரை ஒன்றும் உண்டு: பரிசேயருக்கும் அஞ்சாதே, பரிசேயர் அல்லாதாருக்கும் அஞ்சாதே, பரிசேயரைப் போல் சாயம் பூசிக்கொண்டவர்களுக்கே அஞ்சு என்பது அதன் கருத்து. பரிசேயரோடு வாழ்நாளெல்லாம் பகைத்தவன் வாயில் இச்சொற்களை ரபிகள் வைத்திருப்பது சுவையானது. போலியையும் தற்பெருமையையும் எள்ளும் மரபு அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்குள் இருந்தவரை அது தன்விமர்சனம். வீட்டைவிட்டு வெளியேறியபோது அதுவே ஆயுதமாயிற்று. கிறித்தவம் உரோமப் பேரரசின் சமயமான பின்னர், சுற்றிலும் பரிசேயர் எவரையும் கண்டிராத மக்கள் அப்பெயரைக் கேட்டு வளர்ந்தனர்; அவர்கள் கண்டது பக்கத்துத் தெரு யூதரைத்தான். ஐரோப்பியப் பிரசங்க மேடைகளில் பரிசேயன் என்பதும் யூதன் என்பதும் ஒன்றாகக் கலந்தன. சீர்திருத்தக் காலத்தில் புரொட்டஸ்டண்டுகள் கத்தோலிக்கக் குருமாரைப் பரிசேயர் என்றனர். பின்னர்த் தமக்குள்ளேயே ஒருவரையொருவர் அவ்வாறு ஏசிக்கொண்டனர். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என மொழிதோறும் அது அகராதிச் சொல்லானது. வட ஜெர்மனியில் இப்பெயரில் ஒரு காப்பியே உண்டு. உள்ளே ரம், மேலே மணம் வெளிவராதபடி மூடிய பாலாடை. பாதிரியாருக்குத் தெரியாமல் ஊரார் அதைக் குடித்தனர் என்றும், உண்மை அறிந்த அவர் "பரிசேயர்களே!" என்று கூவியதால் பெயர் நிலைத்தது என்றும் நோர்ட்ஸ்ட்ராண்டில் கதை சொல்வர்.

காப்பியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இறையியல் அறிஞர் பலர் பரிசேயத்தை உயிரற்ற சட்டவாதம் எனச் சித்திரித்தனர். வெல்ஹவுசனின் 1874ஆம் ஆண்டு நூல் இப்போக்குக்குச் சான்று. ஆபிரகாம் கைகர் என்னும் யூத அறிஞர் அதற்கு முன்பே, பரிசேயரை மக்கள்சார் சீர்திருத்தவாதிகளாகவும் இயேசுவை அவர்களுள் ஒருவராகவும் காட்ட முயன்றிருந்தார், பல்கலைக்கழகங்கள் செவிசாய்க்கவில்லை. ஒரு சமயத்தாரின் முன்னோர் பெயரே வசையாக வழங்கும் சூழலில் அச்சமயத்தாரை இகழ்வது எத்துணை எளிதாயிருந்திருக்கும் என்பதை, பின்வந்த நூற்றாண்டின் வரலாறு அறிந்த நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அப்பேரழிவுக்கு ஒரு சொல் காரணமாகாது. ஆனால் இகழ்ச்சியைப் பழக்கமாக்குவதில் சொற்களுக்குப் பங்குண்டு.

திருத்தம் மெதுவாகவே வந்தது. டிராவர்ஸ் ஹெர்ஃபோர்டு 1912இலும் 1924இலும் பரிசேயரைப் பரிவுடன் விளக்கி நூல்கள் எழுதினார். 1977இல் வெளிவந்த இ.பி. சாண்டர்சின் பவுல் பற்றிய ஆய்வு பழைய சித்திரத்தைப் பெரிதும் அசைத்தது. 2019 மே மாதம் உரோமையிலுள்ள திருத்தந்தையின் விவிலிய நிறுவனம் பரிசேயரைப் பற்றியே ஒரு கருத்தரங்கு நடத்தியது. அதில் கலந்துகொண்டோரைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், இத்தகைய எதிர்மறை அச்சுருக்களால் நேரும் தீங்கைச் சுட்டிக்காட்டினார்.

நம்மிடமும் இதற்கு இனமான ஒரு பழஞ்சொல் உண்டு: ஆஷாடபூதி. பஞ்சதந்திரக் கதையில், தேவசர்மன் என்னும் துறவியிடம் பக்தியுள்ள சீடனாக நடித்துப் பணத்தைக் கவர்ந்தோடியவன் பெயர் அது. பிரெஞ்சுக்காரர்க்கு மோலியேர் 1664இல் மேடையேற்றிய தார்த்தூஃப் அவ்வாறே அமைந்தான். இவ்விருவரும் கற்பனை மாந்தர். அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. யாரும் புண்படமாட்டார்கள். பரிசேயருக்கோ இன்றும் வழித்தோன்றல்கள் உண்டு. உலகெங்கும் ஜெபாலயங்களில் ஓதும் யூதர், ரபிகள் வழியே தம் மரபைப் பரிசேயரோடு இணைத்துக் காண்பவர்கள். ஒரு சாதிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ வசையாக வழங்குவதன் வலி தமிழ்ச் சமூகத்துக்குப் புதியதன்று. சொல்பவருக்கு அது வெறும் பழக்கம். கேட்பவருக்கு அது தன் பாட்டன் பெயர்.

லூக்காவின் உவமையை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். அதைக் கேட்டு முடித்தவன், நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப் போன்றவன் அல்லன் என்று மகிழ்ந்தால், அவன் எவனுடைய வேண்டுதலைச் சொல்லிவிட்டான்? இந்த வசைக்கு மட்டும் வாய்த்த பொறி இது. பிறரைத் தாழ்த்தித் தன்னை உயர்த்துபவனை இகழும் சொல், இகழ்பவனையே அந்த இடத்தில் கொண்டு நிறுத்திவிடுகிறது.

விடைத்தாள் மையத்தில் அந்தப் பிற்பகலில் சிரித்த நாம், வராத நாளுக்கும் கையெழுத்திட்டுப் படிப்பணம் வாங்கிய மேசையில் அமர்ந்திருந்தோம். அவர் வாங்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தபோது, நாம் அவரைவிட எளிமையான, பெருமையற்ற மனிதர்கள் என்னும் நிறைவு உள்ளூர எழுந்தது உண்மை. இன்று அந்த இளைஞர் மீண்டும் பொருள் கேட்டால், அகராதிப் பொருளைச் சொல்வதற்கு முன்னர் இதையே சொல்வோம்.